மத்தளம் கட்டியவன் பெயர்

அருணகிரிநாதர் பிறந்ததாகச் சொல்லப்படும் ஊரில் குடியிருந்துகொண்டு சந்தத்தைப் பற்றிச் சிந்தியாதிருத்தல் அரிது. கார்த்திகைத் தீபத்தை ஒட்டிய நாட்களில் திருவண்ணாமலை வீதிகளில் தோற்கருவிகளின் முழக்கம் ஓய்வதில்லை. அம்முழக்கத்துக்கிடையே, சன்னலைச் சாத்திவிட்டு, அரபு யாப்பிலக்கணமாகிய 'அரூள்' பாடத்தைப் பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். 'ஃபஊலுன், மஃபாஈலுன்' என்று அவர்கள் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருக்க, வெளியே பறை வேறொரு கணக்கில் அடித்துச் செல்லும். சில வேளைகளில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து விழுந்துவிடும். பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் கண்டிப்பதில்லை.

சென்ற ஆண்டு அந்நாட்களில் ஒரு திண்ணையில் முதியவர் ஒருவர் மத்தளத்துக்கு மூட்டு மாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டு நின்றேன். வலந்தலையின் விளிம்பைச் சுற்றி ஒவ்வொரு கண்ணாகக் கல்லால் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் பின் விரலால் மெல்ல அடித்துப் பார்த்துக் காது கொடுத்தார். ஓரிடத்தில் ஒலி சற்றுத் தாழ்ந்திருந்தது போலும். அங்கேயே மூன்று முறை திரும்பி வந்தார். யாருடைய மத்தளம் என்று கேட்டேன். வாசிப்பவரின் பெயரைச் சொன்னார். கட்டியவர் யார் என்று கேட்டேன். அக்கேள்வி அவருக்கு விளங்கவில்லை. இரண்டாம் முறை கேட்ட பிறகே, தம்மைப் பற்றித்தான் கேட்கிறேன் என்பதை உணர்ந்தார்.

இவ்வாறு கேட்க வேண்டும் என்பதை எனக்குக் கற்பித்தது ஒரு நூல். கர்நாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்பது அது. 'செபாஸ்டியன் குடும்பக் கலை' என்னும் பெயரில் தமிழிலும் வந்துள்ளது. மிருதங்கம் வாசித்தோரைப் பற்றி நூல்கள் உண்டு. மிருதங்கம் செய்தோரைப் பற்றி இவ்வளவு விரிவாக வந்த நூல் இதுவே. தஞ்சையில் வேர்கொண்டு, சென்னைக்கும் பிற ஊர்களுக்கும் கிளைத்த குடும்பங்களின் கதை இது. அவர்களுள் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காட்டு மணி ஐயர் (1912-1981) என்னும் பெருங்கலைஞரின் மிருதங்கங்களுக்குப் பின்னால் பர்லாந்து என்னும் ஒருவர் இருந்தார் என்பதை இசை ரசிகர்களில் எத்தனை பேர் அறிவர்? வாசிப்பவர் தம் மனத்துள் ஓர் ஒலியைக் கேட்கிறார். அதைச் சொல்லச் சொற்கள் இல்லை. அரைகுறைச் சொல்லிலிருந்தும் முகக்குறிப்பிலிருந்தும் அதைப் புரிந்துகொண்டு, தோலிலும் மரத்திலும் கண்டுபிடித்துத் தருகிறவன் ஒருவன் இருக்கிறான். அவனைக் கூலிக்காரன் என்பதா, இசைவாணன் என்பதா? நூல் முழுவதும் இந்த ஒரு கேள்வியே வெவ்வேறு வீடுகளில், வெவ்வேறு வாய்களில் திரும்பத் திரும்ப எழுகிறது.

இந்நூல் வெளிவந்தபோது நேர்ந்தது நம் வாசகர்களிற் சிலருக்கு நினைவிருக்கலாம். வெளியீட்டு விழாவுக்குச் சென்னை கலாக்ஷேத்திரம் முதலில் இடம் தர இசைந்தது. நூலின் ஒரு பகுதி நாளேட்டில் வெளியானதும், 2020 சனவரி இறுதியில் அவ்விசைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா தரமணியில் ஓர் இதழியல் கல்லூரியில் நடந்தது. அப்பகுதி பேசியது பசுவைப் பற்றி. மிருதங்கத்துக்கு ஆட்டுத்தோல் வேண்டும், எருமைத்தோல் வேண்டும், பசுத்தோலும் வேண்டும். பசு தெய்வம் என்போர் மடியில் வைத்து வாசிக்கும் கருவி, பசுவின் தோலின்றிப் பேசாது. இந்த முரணை வாசிப்பவர் தொடாமல் விட்டுவிடலாம், ஏனெனில் தோலை உரித்து, உலர்த்தி, மயிர் நீக்கி, அறுத்துக் கட்டும் வேலையெல்லாம் மற்றொருவன் வீட்டில் நடந்து முடிந்துவிடுகிறது. ஆசிரியர் தாமும் வாசிப்போர், பாடுவோர் பக்கத்தைச் சேர்ந்தவரே என்பதை மறைக்காமல் எழுதுகிறார். அந்நேர்மை நூலுக்கு வலிமை.

இனிக் கருவியைப் பார்ப்போம். மிருதங்கத்தின் உடல் பலாமரம். பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவுக்கு வீணை செய்வோரிடத்தும் மிருதங்கம் செய்வோரிடத்தும் தனி மதிப்பு உண்டு. அது நம் மாவட்டத்துக்கு அண்டைநிலமே. வைரமேறிய அடிமரத்தை அறுத்து, உள்ளே குடைந்து, நடுவில் பருத்தும் இரு முனைகளில் குறுகியும் வருமாறு கடைவர். ஆண் குரலுக்கேற்ற தாழ்ந்த சுருதிக்கு ஏறக்குறைய 24 அங்குல நீளம். பெண் குரலுக்கும் குழலுக்கும் ஏற்ற உயர்ந்த சுருதிக்கு 22 அங்குலம். வலப்பக்கம் வலந்தலை, இடப்பக்கம் தொப்பி. இரண்டையும் எருமைத்தோல் வார் 16 கண்களில் ஊடுருவி இழுத்துப் பிடிக்கிறது. தொப்பியின் நடுவில் வாசிக்கும் நேரத்தில் இரவையைப் பிசைந்து அப்புவர். அது ஈரமும் கனமும் தந்து ஒலியைத் தாழ்த்தும். வலந்தலையில் நிலையாக இருப்பது கரணை. கிட்டான் என்னும் கருங்கல்லை நுண்பொடியாக்கிச் சோற்றுடன் குழைத்து, மெல்லிய படலம் படலமாக இட்டு, ஒவ்வொரு படலத்தையும் வழவழப்பான கல்லால் தேய்த்து உலர்த்தி, அதன் மேல் அடுத்த படலத்தை இடுவர். தேய்க்கத் தேய்க்க அதில் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழும். அவ்வெடிப்பு பழுது அன்று. அது இல்லையேல் கரணை இறுகிப்போய்த் தோல் அசையாது. வலந்தலைத் தோல்களுக்கிடையே ஈர்க்குத் துண்டுகள் செருகினால் குச்சி மிருதங்கம். கல்துணுக்கு இட்டால் கப்பி மிருதங்கம். ஒலியில் வரும் நுண்ணிய அதிர்வு வேறுபாட்டைக் காதுடையவர் உடனே அறிவர்.

சர் சி. வி. இராமன் இதனை ஆராய்ந்தார் என்பது பலர் அறியாத செய்தி. 1920இல் 'நேச்சர்' இதழிலும், பின்னர் 1934இல் விரிவாகவும் எழுதினார். வெறுந்தோல் போர்த்த முரசை அடித்தால் எழும் பல ஒலிகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. ஆதலால் அது முழக்கமாகக் கேட்குமேயன்றிச் சுரமாகக் கேளாது. நடுவில் கரணையின் கனம் ஏறியதும் அவ்வொலிகள் ஒழுங்குக்கு வந்து, தந்தியின் ஒலிகளைப் போல 1, 2, 3, 4, 5 என்னும் விகிதத்தில் அமைகின்றன. தோற்கருவியில் தந்தியின் குணம் பிறக்கிறது. இராமன் அறிவியல் வழியாகக் கண்டு வியந்ததை, பெயர் அறியப்படாத ஒருவன் காது ஒன்றையே துணையாகக் கொண்டு பல தலைமுறைக்கு முன்னரே செய்து முடித்திருந்தான். பள்ளிப் பாடத்தில் இராமன் பெயர் உண்டு. அது தக்கதே. மற்றவன் பெயரைத்தான் காணோம்.

வடநாட்டுத் தபலாவுக்கும் இதே கரும்பூச்சு உண்டு. சுருதி கூட்டும் முறையும் ஒன்றுவிட்ட சகோதர முறை: இங்கே விளிம்பைக் கல்லால் தட்டுவர், அங்கே வாருக்கும் உடலுக்கும் இடையே மரக்கட்டைகளைச் செருகி, அவற்றைச் சுத்தியலால் மேலும் கீழும் நகர்த்துவர், விளிம்பையும் தட்டுவர். 'தபலா' என்னும் பெயர் அரபியின் 'தப்ல்'. ஆனால் அரபு நாட்டுத் தப்லிலோ தஃப்பிலோ கரும்பூச்சு கிடையாது. பெயர் மேற்கிலிருந்து வந்தது, பூச்சு இம்மண்ணுடையது. இவ்விரண்டும் சேர்ந்த கருவியில் தில்லி, அஜ்ராடா, ஃபரூக்காபாத், பஞ்சாப் முதலிய மரபுகளை வளர்த்தோருட் பெரும்பாலோர் முஸ்லிம் உஸ்தாதுகள். அல்லா ரக்காவும் (1919-2000), 2024இல் மறைந்த அவர் மைந்தர் ஜாகிர் ஹுசைனும் நமக்கு அண்மைக்காலச் சான்றுகள். ஜாகிர் ஹுசைன் நம் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு ஒரே மேடையில் அமர்ந்தபோது யாரும் மொழிபெயர்ப்பாளரைத் தேடவில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. நம்மிடையே இருவகை எழுத்தாளர் உளர். ஒரு சாரார், கலைகள் யாவும் பக்தாதிலிருந்து புறப்பட்டன என்பர். மறுசாரார், எல்லாம் பூம்புகாரிலிருந்து கப்பலேறின என்பர். இருவரும் ஒரு சொல்லொற்றுமையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நாகரிகத்தையே இழுக்க முயல்கின்றனர். எனக்கும் இச்சபலம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஸஃபிய்யுத்தீன் அல் உர்மவீ (வஃபாத் கி.பி. 1294) தம் 'கிதாபுல் அத்வார்' என்னும் இசைநூலில் தாள வகைகளை விளக்க 'தன், தனன், தனனன்' என்னும் ஓசைகளை எழுதிக் காட்டுகிறார். திருப்புகழைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் சந்தக் குழிப்பாக நிற்பது 'தன, தான, தனன' என்னும் அதே ஓசை. முதன்முதலாக இதனைக் கண்ட இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. அண்ணாமலை எங்கே, பக்தாத் எங்கே! யார் யாரிடம் கற்றனர் என்று எழுதத் தொடங்கி, நான்கு பக்கம் எழுதிக் கிழித்தெறிந்தேன். ஒருவர் மற்றவரிடம் கற்றதற்குச் சான்று ஏதும் இல்லை. கைபட்ட தோல் எழுப்பும் ஒலியை வாய் பின்பற்ற முயன்றால் நாவின் நுனி பல்லைத் தொட்டு மூக்கொலியில் முடிகிறது. 'த'வில் அடி, 'ன்'இல் அதிர்வு. அரபிக்கும் தமிழனுக்கும் நாக்கு ஒன்றே. கடன் வாங்காமலே உறவினராக இருப்பது எப்படி என்பதற்கு இதனினும் நல்ல சான்று நான் கண்டதில்லை.

கடன் வாங்கிய இடமும் உண்டு. அதை மறைக்க வேண்டுவதில்லை. காயல்பட்டினத்துக் காசிம் புலவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது திருப்புகழ் பாடினார். அருணகிரியார் வகுத்த சந்தத்தைத் தெரிந்தே எடுத்து, அதில் தம் ஈமானை நிரப்பினார். அவரைக் குறைகூறிய ஆலிம் எவரையும் நான் அறியேன்.

அரபுலகிலும் சந்தம் பிறந்த கதை ஒரு தொழிலாளியின் பட்டறையிலிருந்தே தொடங்குகிறது. 'அரூள்' கலையை வகுத்த இமாம் கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) பஸராவின் செப்புக் கொல்லர் தெரு வழியே சென்றபோது சம்மட்டியோசை கேட்டு அதை உணர்ந்தார் என்று சொல்வர். அதே பஸராவில் ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் எழுந்த 'இஃக்வானுஸ் ஸஃபா' நிருபங்களில் இசைக்கு ஒன்று உண்டு. அதில் ஊத் என்னும் யாழைச் செய்யும் அளவு கூறப்படுகிறது: நீளம் அகலத்தினும் ஒன்றரை மடங்கு, ஆழம் அகலத்தில் பாதி, கழுத்து நீளத்தில் கால். தத்துவம் பேசிய அறிஞர்கள் தச்சனிடம் போய் முழம் போட்டுப் பார்த்திருக்கின்றனர் என்பது பெருமைக்குரியது. எனினும் அங்கும் தச்சன் பெயர் இல்லை. செப்புக் கொல்லர் பெயரும் இல்லை.

தமிழிலும் நிலை இதுவே. பதிற்றுப்பத்தின் சேரன் பகைவருடைய காவல்மரமாகிய கடம்பை வெட்டி முரசு செய்வித்தான். வெட்டுவித்தவன் புகழ் நிற்கிறது, குடைந்தவன் யார்? சிலப்பதிகார அரங்கேற்று காதை தண்ணுமை ஆசிரியனின் இலக்கணத்தைத் தனியே வகுக்கிறது. உரை கண்ட அடியார்க்குநல்லார் தோற்கருவிகளைப் பேரிகை, படகம், இடக்கை, உடுக்கை, மத்தளம் என்று நெடும்பட்டியலாக அடுக்குகிறார். மத்தளம் என்னும் பெயருக்குப் பொருளும் சொல்கிறார். தோல் பொருத்தியவனுக்கு இலக்கணம் வகுக்க எவருக்கும் தோன்றவில்லை. நம் சீறாவின் மணக்காட்சிகளிலும் முரசு முழங்கும், அவ்வளவே. கிருஷ்ணாவின் நூலைக் கர்நாடக இசை உலகத்தின் மீதான குற்றச்சாட்டாக மட்டும் படித்துவிட்டு நாம் மகிழ்ந்துகொள்வதற்கு இடமில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நம் ஃபிக்ஹு நூல்கள் தோற்கருவி பற்றிப் பேசாமல் இல்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' ஷாஃபிஈ மதரசாக்களில் ஓதப்படும் நூல். அதில் திருமணத்துக்கும் சுன்னத்துக்கும் தஃப் ஆகும், சலங்கை பொருத்தியிருப்பினும் ஆகும் என்றும், 'கூபா' ஆகாது என்றும் வருகிறது. கூபா எது? நீண்ட உடலும் ஒடுங்கிய நடுவும் உடைய முரசு என்று அங்கேயே விளக்கம் உண்டு. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) 'இஹ்யா'வில் இதனை இன்னும் தெளிவாக்குகிறார்கள். கூபா விலக்கப்பட்டது அதன் ஒலியின் இனிமைக்காக அன்று. அது அக்காலத்தில் ஒழுக்கங்கெட்ட ஒரு கூட்டத்தாரின் அடையாளமாக இருந்தமையால். வடிவம் அங்கே அடையாளம். விலக்கின் வேர் கூட்டத்தில் இருக்கிறது. மிருதங்கமோ நடுவில் பருத்தது. இதைக் கொண்டு நான் ஃபத்வா ஏதும் சொல்ல வரவில்லை, அதற்குரியோர் உளர். முன்னோராகிய இமாம்கள் ஒரு கருவியைப் பற்றிப் பேசுமுன் அதன் உடலை உற்று நோக்கியிருக்கிறார்கள் என்பதை மட்டுமே கூறுகிறேன். பின்வந்த நாம் கருவியையும் பார்ப்பதில்லை, கூட்டத்தையும் பார்ப்பதில்லை. 'கொட்டு' என்னும் ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் சிறுமியர் இருவர் தஃப் அடித்துப் பாடியதும், அபூபக்கர் (ரலி) அவர்கள் கடிந்தபோது நபிகள் (ஸல்) அவர்கள் விடுமாறு பணித்ததும் புகாரி ஷரீஃபில் உள்ளவை.

தஃப்பும் மரத்தில் தொடங்குவதே. மரவளையம், ஒருபக்கம் தோல். சுருதி கூட்டக் கல்லும் இல்லை, கட்டையும் இல்லை. நெருப்பின் வெம்மையே போதும். நம் பறையும் அவ்வாறே: வேப்பமரத்தை மூன்று வளைதுண்டுகளாக அறுத்து, இரும்புத் தகடு கொண்டு இணைத்து, கன்றுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவர், அடிக்குமுன் வைக்கோல் தீயில் காய்ச்சுவர். கஞ்சிராவுக்குப் பலாமர வளையமும் உடும்புத்தோலும் மரபு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் உடும்பு தடைப்பட்டதால் ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் இடம்பிடித்தன. அதன் சுருதியைத் தாழ்த்த உட்புறம் சிறிது நீர் தடவுவர். தீயால் ஏற்றுவதும் நீரால் இறக்குவதும் ஒரே தோலின் இரு குணங்கள். நம் கடற்கரை ஊர்களில் பக்கீர் பாவாக்கள் தட்டிவரும் தப்ஸும், மலபாரின் தஃப் முட்டும், மலாய் நாட்டின் கொம்பாங்கும் இந்தக் குடும்பத்து உறுப்பினரே. சாவாத் தீவின் பள்ளிவாசல்களில் பெரும் அடிமரத்தைக் குடைந்து எருமைத்தோல் போர்த்திய 'பெடுக்' பாங்குக்கு முன் முழங்குகிறது. அருகிலேயே தோல் ஏதுமின்றிப் பிளவு மட்டும் விட்டுக் குடைந்த மரக்கட்டையும் தொங்குவதுண்டு. பாங்கு ஏற்படுமுன் மதீனாவில் தொழுகை அழைப்புக்கு எதை வைத்துக்கொள்வது என்ற ஆலோசனையில் வந்த 'நாகூஸ்' என்பதும் கிறிஸ்தவர்கள் கட்டையால் கட்டையை அடித்து ஒலித்த கருவிதான். அப்துல்லாஹ் இப்னு ஸைது (ரலி) அவர்கள் கனவில் நாகூஸ் ஏந்திய ஒருவரைக் கண்டு அதை விலைக்குக் கேட்டபோது, அதனினும் சிறந்ததாகப் பாங்கின் சொற்கள் அவருக்குக் கற்பிக்கப்பட்டன. மனிதக்குரல் மரத்தினும் மேலானது என்பது அங்கே முடிவாயிற்று. ஆயினும் அந்தக் கனவிலும் ஒரு மரக்கருவி விலைபேசப்பட்டது என்பதை நான் மறக்க இயலவில்லை.

நூலுக்குத் திரும்புவோம். எனக்கு இரண்டு குறைகள். ஒன்று, குடும்பக் கிளைகள் மிகப் பல. பெயர்கள் அடுத்தடுத்து வந்து, யார் யாருக்கு மகன் என்று இரண்டு முறை பின்னோக்கிப் புரட்ட நேர்கிறது. பெயர் மறுக்கப்பட்டோரின் வரலாறு ஆதலால் ஒரு பெயரையும் விட மனம் வரவில்லை போலும். அதை நான் குறை என்று சொல்வதும் நியாயமா என்று தெரியவில்லை. மற்றொன்று, தோல் பட்டறைக்கு வந்து சேருமுன் கடந்த கைகள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று நம் பக்கத்து ஊர்களெல்லாம் தோலால் வளர்ந்தவை; தொழில் நடத்தியோர் பெரும்பாலும் நம்மவர். ஆனால் பதனிட்ட தோல் மிருதங்கத்துக்கு ஆகாது. அதற்குப் பச்சைத்தோலே வேண்டும். எனவே மிருதங்கத்தின் உறவு தொழிற்சாலை முதலாளியோடு அன்று, இறைச்சிக்கடைக்காரரோடு. எந்த மாட்டின் தோல் எந்தப் பதத்தில் இருக்கும் என்றறிந்து தோலைத் தேர்ந்து கொடுக்கும் அந்த மனிதர், பல ஊர்களில் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர். அறுப்பவர் முஸ்லிம், கட்டுபவர் கிறிஸ்தவர், வாசிப்பவர் பிராமணர்: ஒரு கருவிக்குள் மூன்று சமுதாயங்கள் உறங்குகின்றன. இதில் முதலாமவர் பற்றி நூல் இன்னும் விரித்திருக்கலாம். அது ஒருவேளை நாமே எழுதவேண்டிய அத்தியாயம்.

நான் ஓதிய காலத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் நகரா இருந்தது. மரக்குடம், மேலே எருமைத்தோல். ஸஹருக்கும் நோன்பு திறக்கவும் மோதினார் அதை முழக்குவார். மழைக்காலத்தில் தோல் தளர்ந்துவிட்டால் ஓடு ஒன்றில் கனல் எடுத்துவந்து காட்டுவார். காட்டிக்கொண்டே விரலால் சுண்டிப் பார்ப்பார். ஒலிபெருக்கி வந்ததும் நகரா சந்தூக் வைக்கும் அறைக்குள் போயிற்று. சில ஆண்டு கழித்துச் சென்று பார்த்தபோது தோலைக் கரையான் தின்றிருந்தது. குடத்தில் சுண்ணாம்பு நீற்றி வைத்திருந்தனர். அதைச் செய்தவர் யார் என்று நிர்வாகத்தினரிடம் கேட்டேன். வக்ஃப் செய்தவரின் பெயர் மதிலில் வெட்டப்பட்டிருந்தது, அதைக் காட்டினர்.

சில பள்ளிகளிலும் தர்காக்களிலும் நகரா இன்னும் இருக்கிறது. அதற்குத் தோல் மாற்ற எந்த ஊரிலிருந்து யார் வருகிறார், அவர் தந்தை யார், எந்த மரம், எந்தத் தோல் என்று விசாரித்து இத்திங்களிதழுக்கு எழுதியனுப்பக்கூடிய வாசகர் இருப்பர். திண்ணையில் கண்ட அம்முதியவரின் பெயரை நான் அன்று குறித்துக்கொள்ளவில்லை. தீபத்துக்கு அவர் மீண்டும் வருவதாகச் சொன்னார்.